பசளை வைத்த மூன்றாம் நாள் வாடிய மிளகாய்

கேள்வி: ஐயா, எங்கள் காணி விசுவமடுவில். கால் ஏக்கரில் மிளகாய் நட்டு 35 நாள். பசளை விலை போன விலைக்கு வைத்ததும் பலன் தெரிய வேண்டும் என்று, போன கிழமை ஒரு அந்தர் யூரியாவும் அரை அந்தர் எம்.ஓ.பி. என்ற பொட்டாசியம் குளோரைட்டுப் பசளையும் கலந்து கன்றடியில் ஒட்ட வைத்தேன். அன்று மேலோட்டமாக ஒரு தண்ணி இறைத்தேன். பிறகு மோட்டார் பழுதாகி இரண்டு நாள் இறைப்பு இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாக் கன்றும் தலை தொங்கிவிட்டன. இலை ஓரம் கருகுகிறது. பக்கத்துக் காணிக்காரர் வாடல் நோய் என்கிறார், பூஞ்சண மருந்து அடிக்கச் சொல்கிறார். கடையில் ஒரு ரொனிக் தந்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். எதை அடிப்பது?

பதில்: தங்கச்சி, இரண்டையும் அடிக்க வேண்டாம். மோட்டார் திருந்தாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கி இன்று பின்னேரமே இறைக்கத் தொடங்குங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

இறைக்க முதல் ஒரு வேலை. வாடிய கன்று ஒன்றை வேரோடு பிடுங்கி, தண்டின் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டுங்கள். கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டுமுகம் தண்ணீரில் முட்டும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பால் போன்ற வெள்ளை நூல் கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். அப்படி ஒன்றும் வராமல், தண்டின் உட்பக்கம் கபில நிறமாகவும் இல்லாவிட்டால் நோயை மறந்துவிடுங்கள். நோய் எண்டால் இங்கொன்று அங்கொன்றாகத் தொடங்கிப் பரவும். பசளை வைத்த மூன்றாம் நாள், நிரை நிரையாக, ஒரே மத்தியானத்தில் எல்லாம் படுக்காது.

நடந்தது என்னவென்று உங்கள் குசினியிலேயே தெரியும். பாவற்காயை வெட்டி உப்புப் பிரட்டி வைத்தால் அரை மணித்தியாலத்தில் சட்டியில் தண்ணீர் தேங்குகிறதே, அது நீங்கள் விட்ட தண்ணீரா? காய்க்குள் இருந்தது. உப்பு வெளியே நின்று இழுத்தது. பிழிந்து எடுத்த காய் துவண்டு கிடக்கும். உங்கள் மிளகாய் வேரும் இப்போது உப்புப் பிரட்டிய பாவற்காய்தான். மண்ணிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டிய வேர், தன் தண்ணீரை மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது.

வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் 'பிரசாரணம்' என்று சொல்லும். வேரின் ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சுற்றியிருக்கிறது. ஒரு மில்லிமீற்றரை ஒரு இலட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டின் தடிப்புக்கூட அதற்கு இல்லை. எண்ணெய்த் தன்மையான இரண்டு படை, அவ்வளவுதான். தண்ணீர் அதனூடாகப் போய்வரும், கரைந்த உப்பு அப்படி இலேசாகப் போகாது. எந்தப் பக்கத்தில் கரைந்த பொருள் கூடவோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். நல்ல மண்ணில் வேர்க்கலத்துக்குள் இருக்கும் சாறுதான் கூடக் கரைசல் உள்ளது, அதனால் தண்ணீர் உள்ளே வருகிறது. நீங்கள் அந்தத் தராசை மறுபக்கம் சாய்த்துவிட்டீர்கள்.

எவ்வளவு சாய்த்தீர்கள் என்று கணக்குப் பார்ப்போம். இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டிருந்தால் கால் ஏக்கரில் 3,600 கன்று வரும். ஒன்றரை அந்தர், அதாவது 75 கிலோவைப் பிரித்தால் கன்றுக்கு 20 கிராம், நாலு தேக்கரண்டி. வேரைச் சுற்றிய ஈரம் இரண்டு லீற்றர் என்று வைத்தால் லீற்றருக்கு 10 கிராம். கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. இதில் இரண்டு நாள் இறைப்பு இல்லை, வைகாசிச் சோளகம் வேறு வீசுகிறது. தண்ணீர் காயும், பசளை காயாது. இரண்டு லீற்றர் அரை லீற்றராகச் சுண்டினால் லீற்றருக்கு 40 கிராம். கிராம் கணக்கில் முல்லைத்தீவுக் கடலையே மிஞ்சிவிட்டது.

நிறைக்கு நிறை எல்லாப் பசளையும் ஒரே அளவு இழுக்காது. சோடியம் நைத்திரேற்றை 100 என்று வைத்தால் எம்.ஓ.பி. 116 அளவில் நிற்கும், யூரியா 75, ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளை வெறும் 10. யூரியா கரைந்தாலும் ஒரே துண்டு. எம்.ஓ.பி. கரைந்தால் பொட்டாசியம் ஒரு துண்டு, குளோரைட்டு ஒரு துண்டு என்று இரண்டாகப் பிரியும். தண்ணீரை இழுப்பதில் துண்டுகளின் எண்ணிக்கைதான் கணக்கு. ஆகவே 'யூரியாதான் எரித்தது' என்று யூரியாவை மட்டும் திட்ட வேண்டாம். கன்றடியில் ஒட்ட வைத்த எம்.ஓ.பி.க்கும் பங்கு உண்டு.

ஆனால் யூரியாவிடம் வேறொரு சூழ்ச்சி இருக்கிறது. மண்ணிலுள்ள யூரியேசு என்ற நொதியம் அதைச் சில நாட்களில் அமோனியாவாக உடைக்கும். அதில் பெரும்பகுதி அமோனியமாக மாறி மண்ணில் ஒட்டும். அமோனியத்துக்கு மின்னேற்றம் உண்டு. மென்சவ்வின் எண்ணெய்ப் படையை அது ஊடறுக்காது, தனக்கென்று உள்ள வாசலால்தான் உள்ளே போக வேண்டும். அமோனியா வாயுவுக்கு ஏற்றம் இல்லை, கதவைத் தட்டாமலே உள்ளே புகுந்து வேர்க்கலத்தை நஞ்சாக்கும். குவியலாக யூரியா கிடக்கும் இடத்தில் காரத்தன்மை ஏறும், ஏற ஏற அமோனியாவின் பங்கும் கூடும். கன்றடி மண்ணைக் கிளறி மணந்து பாருங்கள், மாட்டுக்கொட்டில் மூத்திர நெடி அடித்தால் இதுதான்.

இப்போது இறைப்பு. முதலில் கன்றடியில் கரையாமல் கிடக்கும் பசளைக் குறுணிகளை மண்ணோடு வழித்து அப்புறப்படுத்துங்கள். பிறகு பாத்தி நிறைய விட்டு, முழுக்க வடிய விடுங்கள். அடுத்த நாள் விடிய இன்னொரு தரம், அதற்கடுத்த நாள் இன்னொரு தரம். வடிய விடுங்கள் என்று இரண்டாம் முறையும் சொல்கிறேன், ஏனென்றால் பயத்தில் பாத்தியைக் குளமாக்கி வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். உப்பைக் கழுவ வேண்டுமே தவிர ஊற வைக்கக்கூடாது. பொட்டாசியம், நைத்திரேற்று போன்றவற்றை வேர் உள்ளே எடுப்பது சும்மா நடப்பதில்லை. மென்சவ்வில் சக்தி செலவழித்து இயங்கும் பம்பிகள் இருக்கின்றன, அந்தச் சக்திக்கு வேர் மூச்சு விட வேண்டும். தண்ணீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் இல்லை, பம்பி நின்றுவிடும். மென்சவ்வில் தண்ணீர் போகும் நுண்துளைகளும் மூடிக்கொள்ளும். அதனால்தான் மாரி வெள்ளத்தில் நிற்கிற மிளகாயும் தண்ணீருக்குள் நின்றபடியே வாடுகிறது. அந்தத் துளைகளுக்கு அக்குவாபோரின் என்று பெயர். 1992இல் இனங்கண்ட பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் பரிசு வாங்காமல் தினமும் வேலை செய்கிறவை அவை.

ரொனிக்கை ஏன் மறித்தேன் என்பதும் இப்போது விளங்கும். தண்ணீர் இழந்து சுருங்கிய இலையின் மேல் இன்னொரு கரைசலைத் தெளித்தால் அதுவும் வெளியே நின்றுதான் இழுக்கும். போத்தலில் என்ன படம் போட்டிருந்தாலும் அப்படித்தான். புதுத்தளிர் வந்து இரண்டு கிழமை ஆகட்டும், அப்போது போதாமை தெரிந்தால் எழுதுங்கள்.

எந்தக் கன்று பிழைக்கும் என்று பார்க்க மத்தியானத்தில் போகாதீர்கள், மனம்தான் நோகும். முதல் இறைப்புக்கு அடுத்த நாள் விடிய ஆறு மணிக்குப் போங்கள். இலை நிமிர்ந்து நின்றால் அதன் மென்சவ்வு இன்னும் முழுதாக இருக்கிறது, கலம் சுருங்கியது மட்டும்தான், தண்ணீர் கண்டதும் மீளும். கருகிய ஓரம் பச்சையாகாது, தளிர் புதிதாக வரும். விடியவும் துவண்டே கிடந்து, வேரை நசுக்கினால் கபில நிறமாக வழுகிக்கொண்டு வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. இவ்வளவு கிழிந்த சவ்வு மூடாது. அந்த இடத்தில் மண்ணை நன்றாகக் கழுவி, ஒரு கிழமை விட்டுப் புது நாற்று நடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் சவர் என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது பெரிய வரி. மிளகாய் உப்பைத் தாங்காத பயிர். விளைச்சல் குறையாமல் இருக்க இறைக்கிற தண்ணீரின் மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) மீற்றருக்கு 1 டெசிசீமன்சை அண்டியதாக இருக்க வேண்டும். மண்ணில் 1.5ஐத் தாண்டினால் அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் 14 வீதம் அளவில் விளைச்சல் இறங்கும். நெல் 3 வரை பொறுக்கும். சவர்த் தண்ணீரில் வளர்ந்த வேர் ஏற்கெனவே மூச்சுப் பிடித்துத்தான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது, அதன் மேல்தான் உங்கள் 20 கிராம் விழுந்திருக்கிறது. ஒரு போத்தல் தண்ணீரை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து அளவிடக் கேளுங்கள். அதுவரை, வாய்க்கால் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ கிடைத்தால் கழுவுகிற அந்த மூன்று இறைப்புக்கும் அதையே எடுங்கள். சவர்த் தண்ணீர்தான் கதியென்றால், விட்டு விட்டுக் குறைய இறைப்பதை விட அடிக்கடி, வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு இறைப்பது நல்லது.

கழுவிய பசளை எங்கே போகும் என்றும் யோசியுங்கள். நைத்திரேற்றாகி உங்கள் கிணற்றுக்குத்தான். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கிற கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்திக் காணி வெளிறியதிலிருந்து, கிடைக்கிற நேரம் அள்ளிப் போடும் கை பலருக்கு வந்துவிட்டது. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை.

அடுத்த பசளைக்கு அவசரம் வேண்டாம், மண்ணில் இன்னும் அமோனியம் ஒட்டியிருக்கிறது. மூன்று கிழமை கழித்து இலை வெளிறினால் மட்டும், போதனாசிரியர் சொல்லும் அளவை இரண்டாகப் பிரித்து, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிச் சிறு கீறல் கீறி, அதற்குள் தூவி மண்ணால் மூடி, அன்றே நிறைய இறையுங்கள். பசளை வைக்கிற நாளுக்கு முதல் நாள் மோட்டாரை ஒருதரம் போட்டுப் பாருங்கள்.