முதல் மனை வாங்கப் போகிறீர்களா? அதை அடுத்தவர் வாங்குவாரா என்று பாருங்கள்

கேள்வி: எனக்கு 25 வயது. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, கைக்கு 27,000 வருகிறது. சேமிப்பு 3 லட்சம். திருவலம் பக்கம் மூன்று சென்ட் மனை 6 லட்சம் என்கிறார் புரோக்கர். பஞ்சாயத்து அப்ரூவல் உண்டாம். பாதிப் பணம் இப்போது, மீதி மாதத் தவணை, கட்டி முடித்ததும் பத்திரம். நிலத்தில் முதலீட்டை இதில் தொடங்கலாமா?

பதில்: தம்பி, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் சீலும் போட்ட ஒரு வரைபடத்தைக் காட்டியிருப்பார்கள். அது மட்டும் போதாது, மனைப்பிரிவுக்கு டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் ஒருமுறையாவது மனையாகப் பத்திரமாகாத, அங்கீகாரம் இல்லாத மனையைச் சார்பதிவாளர் பதியவே மாட்டார். முன்பே பதிவானதாக இருந்தாலும், அதை அரசிடம் முறைப்படுத்தி வரன்முறை செய்யாவிட்டால் வீடு கட்ட அனுமதியும் கிடைக்காது, பேங்க் லோனும் கிடைக்காது.

இந்த லோன் விஷயத்தை நன்றாக யோசியுங்கள். நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவர் பெரும்பாலும் லோன் போட்டுத்தான் வாங்குவார், பேங்க் கைவிட்ட மனையை அவர் தொடமாட்டார், அப்புறம் விலை ஏறியிருக்கிறது என்று ஊரே சொன்னாலும் உங்கள் கைக்குக் காசு வராது. அதனால் லோனே தேவைப்படாவிட்டாலும் பத்திர ஜெராக்ஸை பேங்குக்கு லீகல் ஒப்பினியன் தரும் வக்கீல் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். சில ஆயிரம் செலவாகும், கொடுக்கலாம்.

நீங்களே பார்க்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. முப்பது வருட வில்லங்கச் சான்றை (ஈசி) பதிவுத்துறை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பட்டாவையும், நிலம் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் வருவாய்த்துறை தளத்தில் பாருங்கள். ஏரி, புறம்போக்கு, கோயில் நிலம், பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கென அரசு ஒதுக்கியது) என்று வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஈசி சுத்தமாக இருக்கிறது என்பதால் குடும்பத்தில் சண்டை இல்லை என்று ஆகிவிடாது. பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும், விற்க வருபவர் மூத்த மகன் மட்டும். அக்கா தங்கைகளுக்கும் சம பங்கு உண்டு, அவர்கள் கையெழுத்து எங்கே? வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒன்று உண்டு. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பு சொன்னது, ஆனாலும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இன்றும் மனை பார்க்கப் போனால் பக்கத்துக் கிணற்று நீரைக் கேட்காமல் திரும்பக்கூடாது. குடிக்கிறார்களா, துவைக்க மட்டுமா என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல.

தவணை முறைதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. பத்திரம் உங்கள் பெயருக்கு வரும்வரை மனை விற்பவருடையது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. உங்களிடம் பாதியைக் கேட்கிறார்கள். ரெரா எண்ணைக் கேளுங்கள், இழுத்தடித்தால் அதுவே பதில்.

செலவுக் கணக்கும் பாருங்கள். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 6 லட்சத்துக்கு 54,000. அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு 6 லட்சத்தைவிட அதிகமாக இருந்தால் இதுவும் கூடும். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் 1 சதவீதம் குறைவு. அதற்காக மட்டும் அம்மா பெயரில் போடாதீர்கள், பின்னாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வரும்.

காட்பாடியில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் ஆசையும் வரும். விஐடி பல்கலைக்கழகம், சிஎம்சி மருத்துவமனை இருப்பதால் ஆள் கிடைக்கும், சரி. ஆனால் 30 லட்சம் வீட்டுக்கு மாதம் 8,000 வாடகை என்றால் வருடத்துக்கு 3.2 சதவீதம்தான், லோன் வட்டி அதைவிட எவ்வளவோ அதிகம். உங்கள் சம்பளத்தில் இப்போது அது வேண்டாம்.

ஆறு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள், அதைத் தொடாதீர்கள். மீதியைச் சேர்த்துக்கொண்டே போய், டிடிசிபியும் ரெராவும் உள்ள மனையை, மூன்று சென்ட் இல்லாமல் இரண்டாக இருந்தாலும், முழுப் பணம் கொடுத்து அன்றே பத்திரம் போடுங்கள். அதுவரை இடம் பார்க்கப் போவதை நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் போனால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.