புதன், சனி, ஞாயிறு: நம்பர் பழக்கம் பற்றி உங்கள் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஆலோசகராக உட்கார்ந்த காலத்தில் குடிப்பழக்கம் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். இப்போது வருகிற கடிதங்களில் நம்பர் கடையும் (நாலு இலக்க லாட்டரி விற்கும் கடை) ஃபோன் ஸ்லாட்டும் (ஃபோனில் ஆடும் சூதாட்டம்) நிறைய. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். புதன், சனி, ஞாயிறு தவறாமல் நாலு நம்பர் எடுக்கிறார். வாரத்துக்கு முப்பது வெள்ளி (ரிங்கிட்). இது வெறும் பழக்கமா, வியாதியா?

முப்பது வெள்ளியை வைத்து மட்டும் சொல்ல முடியாது, தங்கச்சி. 300 வெள்ளி விட்டுவிட்டுச் சிரித்தபடி வீட்டுக்குப் போகிறவரையும் பார்த்திருக்கிறேன். இருபது வெள்ளிக்காகப் பிள்ளையின் பள்ளி வேன் காசில் கை வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. முன்பைவிடக் கூடுதலாகப் போட வேண்டும் என்று தோன்றியதுண்டா? எவ்வளவு போட்டேன் என்று வீட்டில் பொய் சொன்னதுண்டா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தாலே உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

அப்புறம், விட்டதைப் பிடிக்க ஓடுகிறாரா என்று பாருங்கள். புதன்கிழமை போன காசைச் சனிக்கிழமை எடுத்துவிடலாம் என்று இரட்டிப்பாகப் போடுவது, நம்பர் எடுக்காத நாளில் காரணமில்லாமல் எரிந்து விழுவது, சம்பளச் சீட்டை ஒளித்து வைப்பது, நண்பர்களிடம் “அடுத்த வாரம் தருகிறேன்” என்று வாங்குவது. இதெல்லாம் இல்லாமல், முப்பது வெள்ளி என்று உங்களிடம் சொல்லிவிட்டே எடுக்கிறார் என்றால் பயப்பட வேண்டாம்.

இருந்தாலும் இந்தக் கணக்கை அவருக்குக் காட்டுங்கள். ‘பிக்’ என்கிற பந்தய வகையில் ஒரு வெள்ளி போட்டால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. ஸ்பெஷல் பத்து நம்பருக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. ஒரே ஆள் 0000 முதல் 9999 வரை எல்லா நம்பரையும் வாங்கினால் செலவு 10,000 வெள்ளி, கைக்கு வருவது 6,400. வெள்ளிக்கு 36 காசு கடையிலேயே நின்றுவிடுகிறது. தோட்டத்து மளிகைக் கடைக்காரர்கூட அவ்வளவு லாபம் வைக்க மாட்டார்.

இருபது வருடமாக ஒரே நம்பரை எழுதி வருகிறேன், கனவில் வந்த நம்பர். இப்போது விட்டுவிட்டால், விட்ட வாரமே வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள் ஐயா. வாரம் மூன்று குலுக்கு என்றால் வருடத்துக்கு 156. பத்தாயிரத்தில் ஒரு நம்பர் முதல் பரிசுக்கு வர, சராசரியாக 64 வருடம் ஆகும். இருபது வருடம் வரவில்லை என்பதற்காக அடுத்த புதன் அதற்குச் சலுகை காட்டாது, போன வாரம் என்ன வந்தது என்பது குலுக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது. 1913-இல் மான்டி கார்லோ காசினோவில் ரூலட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனி சிவப்புதான் என்று கட்டிக்கொண்டே போனவர்கள் துடைத்துவிட்ட பையோடு திரும்பினார்கள்.

சாலையில் விபத்து நடந்தால் அந்தக் காரின் எண்ணை ஊரே எழுதுகிறது. மரத்தடி முனியாண்டியிடமும் போய்க் கேட்கிறோம். சாமியைக் குறை சொல்லவில்லை, பாவம், அவரிடம் வேலை கேளுங்கள், பிள்ளைக்குப் படிப்பு கேளுங்கள். விடுவதென்றால் ஒன்று செய்யுங்கள்: விட்ட பிறகு முடிவுகளைப் பார்க்காதீர்கள். பேப்பரில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

மகனுக்கு 24 வயது. குடிப்பதில்லை, சிகரெட்டும் இல்லை. ஃபோனில் ஸ்லாட் ஆடி ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரன்) கடன் வாங்கிவிட்டான். போன வாரம் கேட்டில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றிப் போனார்கள். என் நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?

அம்மா, முதலில் போலீஸ் ரிப்போர்ட் கொடுங்கள், பெயிண்டைக் கழுவும் முன் படம் எடுத்துக்கொண்டு. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உரிமம் உள்ளவர்கூட அடமானமில்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆலோங் அதை மாதத்துக்கோ வாரத்துக்கோ வாங்குவான். மகனின் ஏடிஎம் கார்டு அவர்களிடம் இருந்தால் இன்றே வங்கிக்குப் போய் ரத்து செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் சம்பளம் வரும் முன்பே காலியாகும்.

அடுத்தது, இதைக் கேட்கத் தயங்காதீர்கள்: “சாகணும்னு தோணுதாப்பா?” கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கடனும் அவமானமும் சேரும்போது பையன்கள் வாயைத் திறப்பதில்லை. தோன்றுகிறது என்று சொன்னால் தனியே விடாதீர்கள். மனம் நொந்தவர்களிடம் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

நகைக்கு வருகிறேன். வைக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம், குறைந்தது இப்போது. கடன் தீர்ந்த நிம்மதியில் பையன் மூன்று மாதம் ஒழுங்காக இருப்பான், அப்புறம் இரண்டாவது ஆலோங் வருவான். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். எது கட்டுவதானாலும் முழுக் கடனும் ஒரு தாளில் எழுதப்பட்ட பிறகு, அவன் சம்பளம் அவன் கையை விட்டு உங்களிடமோ அண்ணனிடமோ வந்த பிறகு, அவன் கையில் ரொக்கம் கொடுக்காமல். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கியும் இருந்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே உண்டு. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. ஆலோங் கடன் அவர்கள் வேலையில்லை.

‘குடிப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்டத்தையும் மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கிற பகுதியிலேயே சேர்த்துவிட்டது. ஸ்லாட் எப்போது கொடுக்கும் என்று தெரியாதபடி கொடுக்கும், அதனால்தான் விரல் நிற்பதில்லை. இரண்டு ஏழு விழுந்து மூன்றாவது ஒரு மயிரிழையில் நழுவும். ஒரு வெள்ளி போட்டு நாற்பது காசு வந்தாலும் மேளதாளம் அடிக்கும். அறுபது காசு தோற்றவன் ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிறான்.

அரசாங்க கிளினிக்கில் டாக்டரிடம் சொன்னால் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். “தஞ்சோங் ரம்புத்தான் (மனநல மருத்துவமனை) அனுப்புறீங்களா?” என்று நம் ஊரில் எல்லாரும் கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். இதற்குப் பெரும்பாலும் பேச்சு வழி சிகிச்சைதான், வாரத்துக்கு ஒரு நாள் போய் வருவது.

அப்பாவுக்கு 68 வயது, நடுக்குவாதம். வாழ்நாளில் ஒரு நம்பர் எழுதியதில்லை. மருந்து தொடங்கி ஒரு வருடத்தில், பென்ஷன் காசு முழுதும் நம்பர் கடைக்குப் போகிறது. புத்தி தடுமாறுகிறதா?

மருந்தாக இருக்கலாம். நடுக்குவாதம் என்கிற பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவை மூளையில் டோபமைன் வேலையைச் செய்கின்றன. சிலருக்கு அதனால் சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு, தின்றுகொண்டே இருப்பது எல்லாம் தலைதூக்கும். அப்பாவைத் திட்டாதீர்கள். மருந்தைத் திடீரென்று நீங்களே நிறுத்தவும் வேண்டாம், அது வேறு ஆபத்து. மருந்துப் பெட்டியோடு டாக்டரிடம் போய் இதைச் சொல்லுங்கள். அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பலருக்கு அடங்கிவிடுகிறது.

நிறுத்த நினைக்கிறேன். சம்பளம் வந்த அன்றே கை அரிக்கிறது.

அரிப்பு வந்தால் அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள், பெரும்பாலும் தானாகவே இறங்கும். சம்பள நாளில் மனைவியோ தம்பியோ கூட வரட்டும். நம்பர் கடை இல்லாத வழியாக வீட்டுக்குப் போங்கள், இரண்டு கிலோமீட்டர் சுற்றானாலும். ஃபோனில் சூதாட்ட ஏஜெண்டின் எண்ணை அழிக்க மட்டும் செய்யாமல் தடை செய்துவிடுங்கள், ‘ஃப்ரீ கிரெடிட்’ என்று அவனே தேடி வருவான்.

இன்னொரு ஓட்டை ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி. 2024 மே மாதம் முதல் உங்கள் சந்தாவில் பத்து விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது, ஐம்பது வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஃபோனில் அந்தச் செயலியின் கடவுச்சொல்லை மனைவி மாற்றி வைத்துக்கொள்ளட்டும். கௌரவக் குறைவு என்று தோன்றும். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறார், கோயில் திருவிழாவுக்கு மனைவியிடம் கை நீட்டி ஐந்து வெள்ளி வாங்கிப் போகிறார்.

தீபாவளிக்கு வீட்டில் சீட்டு விளையாடலாமா?

பத்துக் காசு வைத்து, சித்தப்பா எல்லாரும் சாப்பிடப் போகும்போது நிறுத்துவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேலே எழுதிய தம்பி மாதிரி ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வருடம் கேரம் போர்டு எடுத்து வையுங்கள்.