மெய்நிகர் அரங்கில் பேசிப் பழகுதல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஆய்வு மாணவன். எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க எழுந்தாலே நா வறண்டு கை நடுங்குகிறது. சில வாரங்களாக வி.ஆர். ஹெட்செட் (கண்களை மூடி அணியும், மெய்நிகர் காட்சி காட்டும் கருவி) அணிந்து, அதில் தெரியும் அரங்கின் முன் பேசிப் பழகுகிறேன். அங்கிருப்பவை வெறும் கணினி உருவங்கள் என்று தெரிந்தும் நெஞ்சு படபடக்கிறது. இதனால் என்ன பயன்? அச்சம் முழுதும் நீங்கிய பிறகு மேடையேறலாம் என்று காத்திருப்பது சரிதானா?

க.

அன்புள்ள க.,

அந்தப் படபடப்பு எழுவதனால்தான் உங்கள் பயிற்சிக்குப் பொருள் இருக்கிறது. அச்சமே தோன்றாத இடத்தில் அதை எதிர்கொள்ளப் பழக முடியாது. மெல் ஸ்லேட்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி உருவங்களாலான அவையின் முன் மனிதர்களைப் பேச வைத்தார்கள். வெறுப்பும் அக்கறையின்மையும் காட்டிய அவை, வழக்கமாகத் தன்னம்பிக்கையோடு பேசுபவர்களையும் பதற்றத்துக்கு உள்ளாக்கியது. ஆகவே உருவங்களைக் கண்டு அஞ்சுவதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் நடுக்கம் குறைந்ததா என்று ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். பழைய அச்சம் அழிந்துபோவதில்லை என்றும், அஞ்சியது நடக்கவில்லை என்ற புதிய அறிவு அதன்மேல் வலுப்பெறுகிறது என்றும் உளவியலாளர்கள் பலர் இன்று விளக்குகிறார்கள். அந்த அறிவு வலுப்பெற, எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பது முதலில் தெளிவாக வேண்டும். ஹெட்செட்டை அணிவதற்கு முன் அதை ஒரு வரியில் எழுதிவையுங்கள்: "நடுவில் சொல் மறந்து நிற்பேன், அதன்பின் என்னால் தொடரவே முடியாது" என்பதுபோல. பிறகு பேச்சின் நடுவே வேண்டுமென்றே பத்து விநாடி மௌனமாக நின்று, ஓர் உருவத்தின் கண்களை நேராகப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முடித்ததும், எழுதியது நடந்ததா என்று பாருங்கள். தாளிலிருந்து கண் எடுக்காமல் வாசிப்பது, பின்சுவரை நோக்கிப் பேசுவது, விரைவாக முடித்துவிட ஓடுவது ஆகிய தற்காப்புகளோடு பேசினால், தப்பித்தது அவற்றால்தான் என்றே மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். ஹெட்செட்டை அணிந்தால் கையிலுள்ள தாள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்தக் கருவியின்மேல் மதிப்பு உண்டு. அவையின் இயல்பை மாற்றும் வசதி இருந்தால், தலையாட்டி ஆமோதிக்கும் அவையோடு நின்றுவிடாமல், கவனிக்காத அவைக்கும் செல்லுங்கள்.

கைநடுக்கம் குறித்து ஒன்று. பேசுபவர் தம் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்கு அது கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை என்று உளவியலாளர்கள் கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் காட்டினார்கள். இதை முன்கூட்டியே அறிந்து பேசியவர்கள், அறியாதவர்களைவிட நன்றாகவும் பேசினார்கள்.

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. உங்கள் ஆய்வுமுறையை மறுத்து ஒரு கணினி உருவம் கேள்வி கேட்பது அரிது. கருத்தரங்கில் அது நிச்சயம் நடக்கும். எனவே இப்போதே இரண்டு மூன்று நண்பர்களை அமர்த்திப் பேசுங்கள், கடினமான கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள், அடுத்து துறைக் கூட்டத்தில் பேசுங்கள். ஹெட்செட் பயிற்சியும் உடன் நடக்கட்டும்.

மேடையைத் தவிர்ப்பதற்காகப் பட்டத்தையே தள்ளிப்போடும் நிலை வந்திருந்தால், மருத்துவ உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள். உளவியலாளர் பேஜ் ஆண்டர்சன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் அவையைக் கொண்டு அளித்த சிகிச்சை, உண்மையான மனிதர்கள் முன் பேச வைக்கும் குழுச் சிகிச்சைக்கு இணையான பயனைத் தந்தது. ஓராண்டு கழித்தும் அந்தப் பயன் நீடித்தது. அங்கே கருவி மட்டுமல்லாமல், பயிற்சி பெற்ற சிகிச்சையாளரும் உடன் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். அடுத்த கருத்தரங்குக்குப் பெயர் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.