வாசகர் கேள்வி – பதில்: பாலில் மிதக்கும் சாக்லேட்

துபாயிலிருந்து வந்த மச்சான் கிட்கேட் பெயர் போட்ட சீரியல் (பாலில் போட்டுச் சாப்பிடும் தானிய உணவு) பெட்டி ஒன்று கொண்டுவந்தார். பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு, "கிட்கேட் ருசியே இல்லையே" என்கிறார்கள். எங்களுக்கு ருசி பார்க்கத் தெரியவில்லையா, பண்டமே அப்படித்தானா?
– வாசகி, கீழக்கரை

பண்டமே அப்படித்தான். பிள்ளைகள் சரியாகவே சொல்கிறார்கள்.

கிட்கேட், 1935-ல் இங்கிலாந்தின் ரவுன்ட்ரீ நிறுவனம் கொண்டுவந்த வேஃபர் (மெல்லிய மொறுமொறு பிஸ்கட்) வைத்த சாக்லேட். கிட்கேட் என்ற பெயர் வந்தது 1937-ல். அதன் ருசியில் பாதி, சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெயுடையது. அது 34 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகும். வாய்ச் சூடு 37. அதனால்தான் நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு கரைகிறது. (அதே காரணத்தால்தான் சித்திரை வெயிலில் கடையிலிருந்து வீடு வருவதற்குள் பையிலேயே கரைகிறது.) மீதிப் பாதி வேஃபரின் நொறுங்கல்.

இந்த வகைச் சீரியல் வேறு சாதி. தானிய மாவு, சர்க்கரை, கோகோ தூள் சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் உப்ப வைத்தது. கோகோ வாசம் உண்டு, உருகுகிற கொழுப்பு மிகக் குறைவு. சாக்லேட் பாரின் உறையிலும் சீரியல் பெட்டியிலும் 100 கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு. சீரியலில் அதில் சிறு பகுதிதான். வித்தியாசம் அங்கேயே விளங்கிவிடும்.

சரி, முறையாக ருசி பார்ப்பது எப்படி? பாலை எப்போது ஊற்றுவது?
– வாசகர், தொண்டி

முதலில் பாலில்லாமல் நாலைந்து துண்டு. ஒன்றைக் கடிக்காமல் நாக்கில் வையுங்கள்: மேல்பூச்சின் இனிப்பு முதலில் வரும், கோகோவின் கசப்பு பிறகு வரும். கசப்பு வரவே இல்லை என்றால் சர்க்கரை கோகோவை அமுக்கிவிட்டது என்று அர்த்தம். மற்றதைக் கடித்துச் சத்தம் கேளுங்கள். 'மொறுக்' என்று முறியாமல் பல்லில் ஒட்டினால் நமத்த பெட்டி. அதை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்ல வேண்டாம்.

பிறகு கிண்ணத்தில் 30 கிராம் சீரியல், 125 மில்லி பால். பால் காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டியதாக இருக்கட்டும். நம் வீடுகளில் பழக்கத்துக்குச் சுடச்சுட ஊற்றிவிடுகிறோம். சூடான பால் வேகமாக உள்ளே இறங்கி, ஒரே நிமிடத்தில் கூழாக்கிவிடும். ஐஸ் தண்ணீர்போல மிகவும் குளிர்ந்த பாலும் ஆகாது; குளிர்ச்சி இனிப்பையும் வாசத்தையும் மழுங்கடிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள்.

ஊற்றிய உடனே ஒரு கரண்டி, இரண்டாம் நிமிடம் ஒன்று, ஐந்தாம் நிமிடம் ஒன்று. கடைசியில் அடியில் நிற்கும் பாலைக் குடியுங்கள். கரைந்த பூச்சு எல்லாம் அதில்தான் இருக்கும். பாருக்கு மிக அருகில் வருவது அந்தப் பால்தான், அதுவும் 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பாலைவிட 6 சதவீத நிறைகொழுப்புப் பாலில். இல்லாத கொழுப்பைப் பால் கொடுக்கிறது.

சர்க்கரைக் கணக்கும் பாருங்கள். 100 கிராமில் 25 கிராம் என்று போட்டிருந்தால், 30 கிராம் கிண்ணத்தில் ஏழரை கிராம், ஒன்றரை டீஸ்பூன். பிள்ளைகள் தாங்களே கொட்டிக்கொண்டால் 30 கிராமோடு நிற்காது. ஒருமுறை தராசில் நிறுத்துக் காட்டுங்கள்.

பெட்டி பிரித்த மூன்றாம் நாளே நமத்துப்போகிறது. கடலுக்கு நூறடியில் வீடு.
– வாசகி, பாம்பன்

கடல் காற்றின் ஈரம்தான். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள்கூடத் தாங்காது. சீரியலில் ஈரம் மிகக் குறைவு, அதனால் காற்றில் உள்ளதை உறிஞ்சும். அட்டைப்பெட்டி எதையும் தடுக்காது, உள்பைதான் காவல்.

பிரித்த அன்றே இரண்டு மூன்று சிறிய போத்தல்களில் பிரித்து வையுங்கள். மூடியில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ஒன்று தீரும்வரை அடுத்ததைத் திறக்காதீர்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்: குளிர்ந்த போத்தலைத் திறந்ததும் ஈரக்காற்று உள்ளே போய்த் துண்டுகளின்மேல் வியர்த்து நிற்கும்.

நமத்ததை மீட்கலாம். கனமான வாணலியை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டி, இரண்டு நிமிடம் புரட்டுங்கள். தீ எரியும்போது போட்டால் சர்க்கரைப் பூச்சு கருகிக் கசக்கும். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகே மொறுமொறுப்பு வரும். இது தெரியாமல் பலர் இன்னும் வறுத்துக் கெடுக்கிறார்கள். நடுவில் சாக்லேட் நிரப்பிய வகைக்கு இந்த வைத்தியம் உதவாது.

பொரியில் நாமே செய்யலாமா? கருப்பட்டி போடலாமா?
– வாசகர், சாயல்குடி

செய்யலாம். 100 கிராம் அரிசிப் பொரியை முதலில் வெறும் வாணலியில் மொறுமொறுப்பாக்கிக்கொள்ளுங்கள். 80 கிராம் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கடலைமிட்டாய்ப் பதத்துக்குக் காய்ச்சுங்கள்: ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் சட்டென்று முறிய வேண்டும். இறக்கியபின் 15 கிராம் வெண்ணெய், 15 கிராம் சலித்த கோகோ தூள். கோகோவை அடுப்பில் இருக்கும்போதே போட்டால் அடிப்பிடிக்கும். உடனே பொரியைக் கொட்டிக் கிளறி, தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டில் உதிர்த்துவிடுங்கள்.

கருப்பட்டியின் மணம் கோகோவோடு அருமையாகச் சேரும். ஆனால் மழைக்காலத்தில் கருப்பட்டி தானே கசிவதைப் பார்த்திருப்பீர்கள், ஈரத்தை இழுக்கும். சர்க்கரையில் கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள், அன்றன்றைக்குச் செய்து தீர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டியில் பச்சைப் புள்ளி இல்லையே?
– வாசகி, மண்டபம்

சைவம் என்று காட்டும் அந்தப் புள்ளி, நம் நாட்டு விதிப்படி இங்கே விற்கும் பொருளுக்கு. பயணப் பெட்டியில் வந்த பொருளில் இருக்காது. பொருள் பட்டியலில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கிறதா என்று பாருங்கள்; மார்ஷ்மெல்லோ கலந்த சீரியல்களில் அது பெரும்பாலும் உண்டு. கோகோ, கோதுமை மட்டும் உள்ளவற்றில் பொதுவாக இருக்காது.