எடை ஏறுகிறது, தசை ஏறுகிறதா? பி.கே.யூ. பிள்ளைகளின் பெற்றோருக்குப் பதில்கள்

பினைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யூ. புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத பரம்பரைக் குறை இது. பால், பருப்பு, முட்டை, கறி கூடாது; அரிசி அளந்துதான். புரதத்தின் பெரும்பங்கு பினைல்அலனின் நீக்கிய பவுடரிலிருந்து வரவேண்டும். சேலம் வட்டாரப் பெற்றோரின் கேள்விகளுக்கு உணவியல் நிபுணர் பதில் சொல்கிறார்.

ஆத்தூர்: மேடம், பையனுக்கு 8 வயசு, 130 செ.மீ., 27 கிலோ. பி.எம்.ஐ. சரின்னுட்டாங்க. ஆனா தொப்பை தெரியுது, கை சூம்பின மாதிரி இருக்குதுங்க.

பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 16; வயதுக்குச் சரிதான். ஆனால் அந்த 27 கிலோவில் கொழுப்பு 4 கிலோவா 7 கிலோவா என்று அது சொல்லாது. கையை அளந்து பாருங்கள். தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். கையைத் தொங்கவிட்டு அந்த இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றி அளங்கள். பிறகு கையின் பின்புறத் தோலை, சதையை விட்டுக் கிள்ளித் தூக்கி, காலிப்பரால் (தடிமன் அளக்கும் கவ்வி) மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். இதை முதலில் மருத்துவமனையில் கற்றுக்கொள்வது நல்லது. பெரும்பாலோர் சதையையும் சேர்த்துக் கிள்ளிவிடுகிறார்கள்.

கணக்கு இது: சுற்றளவு 19 செ.மீ., தோல்மடிப்பு 12 மி.மீ., அதாவது 1.2 செ.மீ. 1.2-ஐ 3.14-ஆல் பெருக்கி 19-இல் கழித்தால் தசைச் சுற்றளவு 15.2. ஆறு மாதம் கழித்து சுற்றளவு 20, மடிப்பு 16 மி.மீ. என்றால் மிஞ்சுவது 15.0. கை பருத்திருக்கிறது, தசை வளரவே இல்லை. எப்போதும் ஒரே கையை, முடிந்தால் ஒரே ஆள் அளக்கட்டும்.

அம்மாபேட்டை: ஜவ்வரிசியில புரதமே இல்லையாமே, வயிறு நிறையக் கொடுக்கலாம்தானே?

நம்மூர்ச் சரக்கு, பி.கே.யூ. வீட்டுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் 100 கிராம் காய்ந்த ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி, எல்லாம் மாவுச்சத்து. பசித்தபோதெல்லாம் கொடுத்தால் தேவைக்கு மிஞ்சியது கொழுப்பாகத்தான் படியும். வடாம் பொரித்தால் எண்ணெயும் சேரும். உப்புமாவில் போடும் நிலக்கடலையை மறந்துவிடாதீர்கள்: 10 கிராம் கடலையில் 2.5 கிராம் புரதம், ஏறத்தாழ 125 மி.கி. பினைல்அலனின். கடுமையான வகைப் பிள்ளைகள் சிலருக்கு நாள் முழுதுக்குமான அளவே 300 மி.கி.தான். பால் பாயசமும் அப்படியே. பூசணி, சுரைக்காய், புடலங்காய் கூட்டில் பருப்பை விட்டுவிட்டுத் தட்டின் பாதியை நிரப்புங்கள்.

ஏற்காடு: கொழுப்புச் சதவீதம் காட்டுற மெஷின்ல போன தடவை 22, இந்தத் தடவை 28. மூணே மாசம்ங்க!

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வழியில் வாந்தி எடுத்து, தண்ணீர் குடிக்காமல் வந்து நின்றானா? அந்த மெஷின் லேசான மின்சாரம் செலுத்தி உடம்பின் நீரைக் கணக்கிடுகிறது. நீர் குறைந்தால் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்று தப்பாகக் காட்டும். முதல் நாளே சேலம் வந்து தங்கி, காலையில் வெறும் வயிற்றில் சிறுநீர் கழித்துவிட்டு, கொலுசு, அரைஞாண் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேன் இதைவிட நம்பகமானது, எலும்பின் அடர்த்தியும் தெரியும். கதிர்வீச்சு மிகக் குறைவு.

ஓமலூர்: பவுடர் நாத்தம் தாங்கல. ராத்திரி ஒரே தடவையா கொடுத்துடறேன்.

தசை ஏறாததற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். பவுடரில் இருப்பது பிரிந்த அமினோ அமிலம்; வேகமாக இரத்தத்தில் சேரும். ஒரே நேரத்தில் வந்ததை உடம்பு சேமிக்காது, எரித்துவிடும். மீதி நேரம் தசைக்குக் கட்டுமானப் பொருள் இல்லை. தசை கரையும், கரைந்த தசையிலிருந்து பினைல்அலனினும் இரத்தத்தில் ஏறும். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியும் அளவு ஏறுகிறதே என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். நாளளவை மூன்று நான்காகப் பிரித்து, உணவோடு கொடுங்கள். நன்றாகக் குளிரவைத்து, மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ரா வைத்தால் வாடை குறையும்.

மேட்டூர்: காய்ச்சல்ல எதுவுமே இறங்கலைன்னா?

அப்போதும் தசை கரைவதுதான் ஆபத்து. சர்க்கரை போட்ட பழச்சாறு, பால் இல்லாத ஜவ்வரிசிக் கஞ்சி அடிக்கடி. பவுடர் இரண்டு மூன்று வாயாக. தொடர்ந்து வாந்தி என்றால் உடனே மருத்துவமனை. சர்க்கரை இல்லாத காய்ச்சல் சிரப்பில் அஸ்பார்டேம் இருக்கலாம், அது பினைல்அலனின் தரும்; பாட்டிலைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.