ஒரு கொப்பியோடு போன் கடைக்குப் போங்கள்

கேள்வி: வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்துவிட்டேன். மனிதர் கணினியோடு பழகும் விதத்தைச் சூழலுக்குக் கேடில்லாமல் அமைப்பது பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்? பாங்க் சோதினையை எடு" என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்? – வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, மாமாவோடு கோபிக்காதீர்கள். யுத்தத்தில் எல்லாவற்றையும் ஒரு முறை விட்டுவிட்டு வந்தவர்கள் நிரந்தர வேலையைத்தான் கேட்பார்கள். ஆனால் அவரிடமே ஒன்று கேளுங்கள்: யுத்த காலத்தில் பற்றறி வராதபோது றேடியோ எப்படிக் கேட்டார்? எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்டோம். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். இருப்பதை வைத்து ஓட்டுவது என்னவென்று வன்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் துறையும் இதைத்தான் கேட்கிறது. 2007இல் எலை பிளெவிஸ் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரை, புதிதாக ஒன்றை வடிவமைக்கும்போதே அதனால் எது குப்பைக்குப் போகும் என்றும் யோசிக்கச் சொன்னது. 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் தொன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். "மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள்" என்று சொல்லும் செயலிகளோடு நின்றுவிடாதீர்கள். பாரத்தையெல்லாம் தனிமனிதர் தலையில் கட்டுகிறது என்று அந்த வழியைத் துறைக்குள்ளேயே கண்டித்திருக்கிறார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் ஊர்ப் போன் திருத்தும் கடையில். அங்குள்ள தம்பி பின்மூடிக்குச் சூடு காட்டி, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை இடுக்கில் நுழைத்து, பசையை மெல்ல மெல்லக் கிளப்புவார். ஒரு பற்றறி மாற்ற இவ்வளவு பாடு! இப்படி ஒட்ட வேண்டும் என்று எங்கோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவுதான் உங்கள் ஆராய்ச்சிப் பொருள். இரண்டு மாதம் அனுமதி கேட்டு அங்கே இருங்கள். எந்தப் போன் எதற்காக வருகிறது, எது திருத்தாமலே திரும்பிப் போகிறது, ஏன் என்று கொப்பியில் குறியுங்கள். அந்தத் தம்பிக்குத் தெரிந்ததை அவர் சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம் பேராசிரியர்களுக்கு எழுதலாம். அவர்களுடைய கட்டுரை இரண்டையாவது வாசித்துவிட்டு, உங்கள் குறிப்பில் ஒரு பக்கத்தை இணைத்து அனுப்புங்கள். சுவீடனில் ஸ்டொக்ஹோமின் கேடிஎச், இங்கிலாந்தின் லாங்காஸ்டர் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இந்தத் துறையில் வேலை நடந்திருக்கிறது. கடன்பட்டுப் போக வேண்டாம். உதவித்தொகையோ சம்பளமோ உள்ள இடத்துக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். சுவீடனில் முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர். இதை மாமாவிடம் முதலில் சொல்லுங்கள்.

பாங்க் சோதினையையும் எழுதிப் போடுங்கள். பதில் வர மாதக்கணக்காகலாம், அதுவரை வீட்டில் நிம்மதி இருக்கும்.