டாக்டரிடம் கேளுங்கள்: தீபாவளி முதல் பொங்கல் வரை

ஐப்பசி பிறந்தாலே வாசகர் கடிதங்களில் பாதி பலகாரத்தைப் பற்றித்தான் இருக்கும். கும்பகோணத்தில் 32 ஆண்டுகளாக வைத்தியம் பார்க்கிறேன். தீபாவளி முடிந்த நாலாம் நாள் என் கிளினிக்கில் உட்கார இடம் கிடைக்காது. அந்தக் கூட்டம் வருவதற்கு முன்பே பேசிவிடலாம் என்று இந்த இதழுக்குச் சில கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வயது 58. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் காலையில் 45 நிமிடம் நடப்பேன். மழைக்காலம் வந்தால் நடை நின்றுவிடுகிறது. அதே சமயம் வீடு நிறையப் பலகாரம். பொங்கலுக்குள் மூன்று மாதச் சராசரி ஏறிவிடுகிறது. பலகாரத்தை அடியோடு விட்டுவிடட்டுமா?
– வாசகர், மயிலாடுதுறை

ஐயா, கணக்கைப் பாருங்கள். பலகாரம் வீட்டில் இருப்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். மழை பெய்வது இரண்டு மாதம். மூன்று மாதச் சராசரியை ஏற்றுவதில் அதிரசத்துக்குப் பங்கு உண்டுதான். நின்றுபோன நடைக்கு அதைவிடப் பெரிய பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தாமாகவே இழுத்துக்கொள்கின்றன. அந்த வேலை நின்றால் மாத்திரை மட்டும் தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

45 நிமிடத்தையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2016இல் வெளியானது. நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 சதவீதம். பத்து நிமிடம் நடக்கப் பூங்கா எதற்கு? வீடு போதும்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் வாசலில் தொடங்கிக் கொல்லை வரை நீண்டுகொண்டே போகும். என்னிடம் வரும் ஒரு பெரியவர், ரேழியிலிருந்து கிணற்றடி வரை 31 காலடி என்று எண்ணி வைத்திருக்கிறார். ரேழி மாடத்தில் ஒரு கிண்ணத்தில் 20 புளியங்கொட்டை. ஒரு நடை போய் வந்தால் ஒரு கொட்டையை அடுத்த கிண்ணத்தில் போடுவார். போன கார்த்திகையில் அடைமழை பெய்த ஆறு நாளும் அவர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. "கொட்டை தீராமல் படுக்கப் போனால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது டாக்டரம்மா" என்றார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வராந்தாவும் மாடிப்படியும் இருக்கின்றன. மொட்டை மாடி மட்டும் வேண்டாம். மழைக்காலத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

பலகாரத்தை விட வேண்டியதில்லை. சாயங்காலம் காபியோடு வெறும் வயிற்றில் நான்கைந்து உள்ளே போவதுதான் கெடுதல். அதற்குப் பதிலாக மதியச் சாப்பாட்டில் ஒரு பிடி சோற்றைக் குறைத்துக்கொண்டு, காய்கறியோடு சாப்பிட்டு முடித்ததும் ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்து நடங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 195 பேரின் எடையைப் பண்டிகைக் காலம் முழுக்கப் பார்த்து 2000இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஏறியது அரைக் கிலோகூட இல்லை. ஆனால் பண்டிகை போன பிறகும் அது இறங்கவில்லை. நம் ஊரில் தீபாவளியில் ஏறுவது இறங்குவதற்குள் புது வருடம் வந்துவிடுகிறது, பின்னாலேயே பொங்கல். அதனால் மழை விட்ட அன்றைக்கே பழைய நடைக்குத் திரும்பிவிடுங்கள்.

எல்லோருக்கும் நடக்கச் சொல்கிறீர்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்து நான் அடுப்படியை விட்டு நகர்வதே இல்லை. கால் வீங்கிவிடுகிறது. மதியம் சாப்பிட மூன்றரை மணி ஆகிறது. இதற்கு மேல் எனக்கு என்ன உடற்பயிற்சி? வயது 52, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகி, மன்னார்குடி

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் அம்மா எழுதியது போலவே இருந்தது.

அம்மா முறுக்கு சுற்றினால் வெள்ளைத் துணியை விரித்து ஐம்பது அறுபது சுற்றுவாள். எண்ணெய்ச் சட்டி முன்னால் காலையில் நின்றால் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஆறிப்போன சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு உட்காருவாள். நான் மருத்துவம் படித்து முடித்து வேலையில் சேர்ந்திருந்த வருடம், தீபாவளிக்கு மறுநாள் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 61. பிறகு அடுப்படியைச் சுத்தம் செய்தபோது, அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டை கிடந்தது. அதில் ஆறு மாத்திரை மீதி. ஆறு நாள் அவள் மாத்திரை போடவில்லை. அவளும் கவனிக்கவில்லை, டாக்டரான நானும் கேட்கவில்லை. அதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அட்டை என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் உங்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: காலை காபி டம்ளருக்குப் பக்கத்திலேயே மாத்திரையை வையுங்கள். போட்ட பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.

நிற்பது வேறு, நடப்பது வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிக் காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடப்பதில்லை. நீர் கீழேயே தங்கிக் கணுக்கால் வீங்குகிறது. முறுக்கு பிழிவதையும் மாவு பிசைவதையும் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள். அடுப்பு முன்னால் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு ஈடுக்கும் நடுவில் வாசல் வரை போய் வாருங்கள். மத்தியானம் 15 நிமிடம் காலைத் தலையணை மேல் வைத்துப் படுங்கள். இரண்டு காலும் வீங்கினால் பெரும்பாலும் இது போதும். ஒரு கால் மட்டும் வீங்கி, வலியும் சூடும் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சாப்பாடு ஒரு மணிக்கு. அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள், அல்லது கரண்டியை வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை கையில் கொடுங்கள். நான் இதை மருந்துச் சீட்டில் எழுதியே தந்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். உப்பைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பதம் பார்க்கிறேன் என்று வாயில் போடும் மிக்சரும் சீடையும் அந்தக் கணக்கில் சேரும்.

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்வோம். பாசிப்பயறும் வெல்லமும்தானே, சர்க்கரை நோயாளிகள் தாராளமாகச் சாப்பிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

தாராளமாகக் கூடாது. பாசிப்பயறு நல்லது, சந்தேகமில்லை. வெல்லம் என்பது பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்துக்குள் போன பிறகு இது வெல்லம், அது சீனி என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. கருப்பட்டிக்கும் இதே பதில். ஒன்று சாப்பிடுங்கள், மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள்.

வயது 34, சென்னையில் வேலை. ஒவ்வொரு பண்டிகைக்கும் கிளாம்பாக்கத்திலிருந்து 12 மணி நேரம் பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். வழியில் கழிப்பறை சரியில்லை என்று மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஊர் போய்ச் சேர்ந்தால் இரண்டு நாள் உடம்பு அடித்துப்போட்டது போலாகிறது.
– வாசகி, பெருங்குடி

பண்டிகைக்கு ஊர் போகும் பெண்களில் இப்படித் தண்ணீரை நிறுத்துகிறவர்கள் எத்தனையோ பேர். லீவு முடிவதற்குள் சிறுநீர் எரிச்சலோடு என்னிடம் வருவார்கள். மதியம் முழுக்க நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்திக்கொண்டு, பஸ் நிலையத்தில் கழிப்பறை போய்விட்டு ஏறுங்கள். பிறகு மணிக்கு இரண்டு வாய். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம். நீங்கள் கேட்டால் பின் சீட்டில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலு பெண்களுக்கும் அது உதவி.

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஆரோக்கியமான ஒருவருக்கு அந்த வாய்ப்பே மிகக் குறைவு, பயப்பட வேண்டாம். விழித்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். டீக்கு நிற்கும் இடத்தில் இறங்கி நடங்கள். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று சில வாரமே ஆனவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

தீபாவளியன்று ராத்திரி நெஞ்சு அடைப்பது போல் இருந்தால் லேகியம் சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்களே?
– வாசகர், திருவாரூர்

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் சேர்த்துக் கிளறிய லேகியம் எண்ணெய்ப் பலகாரம் தின்ற வயிற்றுக்கு இதமானது. எங்கள் வீட்டிலும் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் சுண்டைக்காய் அளவு லேகியம் உண்டு. ஆனால் அதை நெஞ்சுவலிக்கு மருந்தாக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒருவரை தீபாவளிக்கு மறுநாள் காலை ஐந்தரைக்கு மகன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். இரவு பதினொரு மணிக்கே நெஞ்சில் பாரம், சட்டை நனைகிற வியர்வை. வாயு என்று நினைத்து மூன்று உருண்டை லேகியம், பிறகு சோடா, பிறகு முதுகைத் தடவிவிட்டிருக்கிறார்கள். விரல் நுனியில் லேகியம் ஒட்டியிருந்ததை ஈசிஜி எடுக்கும்போது பார்த்தேன். மாரடைப்பு. உயிர் பிழைத்தார். ஆனால் அந்த ஆறரை மணி நேரத்தில் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. இன்று வாசல்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். பைக் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்று வீட்டில் காத்திருக்கவும் வேண்டாம். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். வாயுவாகவே இருந்துவிட்டால் நல்லது, வீட்டுக்கு வந்து லேகியம் சாப்பிடலாம்.

வைகுண்ட ஏகாதசிக்கு 30 வருடமாகப் பட்டினி விரதம். இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. விரதத்தைத் தொடரலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

உங்கள் மாத்திரை எது என்பதைப் பொறுத்தது, அம்மா. கிளிமிபிரைடு போன்றவை சாப்பாடு இல்லாவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலினும் அப்படியே. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளோடு பட்டினியும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் வேறு ஆபத்து. பரமபத வாசல் திறக்கும் நேரம் விடியற்காலைக் கூட்டத்தில் நிற்கும்போது கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மயக்கம் என்று விசிறுவார்களே தவிர, சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து, அன்றைக்கு எதை நிறுத்த வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பாலும் பழமும் எடுத்துக்கொண்டு விரதம் இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். புடவைத் தலைப்பில் 3 தேக்கரண்டி சர்க்கரையைப் பொட்டலமாக முடிந்துகொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் விரதத்தைப் பார்க்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. மறுநாள் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் பிரமாதம். சோற்றை மட்டும் இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

மார்கழி முழுக்க வாசலில் பெரிய கோலம் போடுவேன். இப்போது 66 வயது, லேசான ஆஸ்துமா. பனியில் போகாதே என்று மகன் தடுக்கிறான். நிறுத்த மனமில்லை.
– வாசகி, காரைக்குடி

நிறுத்தாதீர்கள். பெருக்கி, தண்ணீர் தெளித்து, குனிந்து, நகர்ந்து அரை மணி நேரம் கோலம் போடுவது உங்கள் வயதுக்கு அருமையான அசைவு. எழுந்ததும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்து, இடுப்பையும் முழங்காலையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். குளிர்ந்த காற்று நேராக மூச்சுக்குழலில் இறங்காதபடி மூக்கையும் வாயையும் பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள். இன்ஹேலரை உங்கள் டாக்டர் சொன்ன நேரத்தில் எடுத்துவிட்டு, அதைக் கோலப்பொடி டப்பாவோடு வெளியே கொண்டுபோங்கள். முதல் வாரம் சின்னக் கோலம், பிறகு பெரிது. போகியன்று மட்டும் தெருவில் புகை அடங்கி வெயில் வரும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். அன்றைய கோலத்தைப் பேத்தி போடட்டும், புள்ளிக் கணக்கை நீங்கள் உள்ளிருந்து சொல்லுங்கள்.